கவிழ்த்த கோப்பை

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கெல்லாம் அந்தத் தெருமுனை உணவகத்தின் கண்ணாடிகள் உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்துவிடும். வெளியே போகிறவர்கள் வெறும் நிறங்களாகத் தெரிவார்கள். ஒரு பச்சை மெதுவாகப் போகும். அதன் பின்னால் சின்னதாக ஒரு மஞ்சள் ஓடும். தாயும் பிள்ளையுமாக இருக்கலாம், யாரோ ஒருவரும் அவருடைய நாயுமாகவும் இருக்கலாம். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து அக்கா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. துடைத்தால் தெரு வந்துவிடும். தெரு வந்தால் எதிர்க்கட்டடத்துக் கடிகாரமும் வந்துவிடும்.

பன்னிரண்டு மணிக்கு லிஃப்ட்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் தம்பியிடம் சொல்லியாக வேண்டும்.

அந்த உணவகத்தில் அவர்கள் இருவரையும் அக்கா, தம்பி என்றே எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருஷமாக அதே மேஜை. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் வாரத்தில் ஒரு நாள் கடைக்கு வந்து பார்த்துக்கொள்வது மற்றவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அவளுக்குப் பொய்ப்பல் செய்யும் பட்டறையில் பகல் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவாள். அவனுக்கு ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் நீரேற்று நிலையத்தில் இரவு வேலை. மாலை ஏழுக்குப் போனால் காலை எட்டுக்கு வருவான். படியில்கூட எதிர்ப்படுவதில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டுகளில்தான் பேச்சு. 'பால் இருக்கு.' 'சட்டை காயுது, எடுத்து வை.' 'இருமலுக்கு மருந்து குடிச்சியா?' 'குடிச்சாச்சு தாயே.' ஞாயிறு காலை மட்டும் அவனுடைய மாற்று ஆள் பத்து மணிக்குத்தான் வருவார். அங்கிருந்து நேராக இங்கே வந்துவிடுவான். அவளுக்கு அது காலைச் சாப்பாடு, அவனுக்கு ராச்சாப்பாடு. இருவருக்கும் பொதுவாக ஒரு பொழுது என்றால் அது ஒன்றுதான்.

கடையை நடத்துபவள் சித்தி. அவர்களுக்குச் சித்தி இல்லை, தெருவுக்கே சித்தி. கடை போடுவதற்கு முன்னால் இருபது வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை பார்த்தவள். அதனால் அவள் கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. இரவு வேலை முடித்து வருகிற நர்சுகளும் காவல்காரர்களும் ரொட்டி சுடுகிறவர்களும் சாப்பிடும்போதே தூங்கிப்போவது அங்கே வழக்கம். யாராவது அப்படித் தலை சாய்த்துவிட்டால், சித்தி சத்தமில்லாமல் வந்து அவர்கள் முன்னாலிருக்கும் கோப்பையைத் தட்டின்மேல் கவிழ்த்துவிட்டுப் போவாள். கோப்பை கவிழ்ந்துவிட்டால் அந்த ஆளை எழுப்பக் கூடாது. மேஜை வேண்டும் என்று கேட்கக் கூடாது. கட்டிய பெண்டாட்டி வந்து நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

"நாற்காலி வேணுமா, தூக்கிட்டுப் போ. தூக்கத்துல கை வெச்சேன்னா நான் மனுஷியாவே இருக்க மாட்டேன்" என்பாள்.

மற்றபடி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அங்கே எல்லாம் பொது. காலி நாற்காலி தெரிந்தால் யாரும் வந்து உட்காரலாம். மணி அடித்தால் தட்டை நாமே போய் வாங்கிவர வேண்டும்.

தம்பி வந்து உட்கார்ந்தபோது அவனோடு ஈரச் சிமெண்ட் வாசனையும் வந்து உட்கார்ந்தது. கண்ணின் ஓரங்கள் சிவந்திருந்தன. இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு முதல் வாய்க் காப்பியை விழுங்கினான். அவள் எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

"ஊர் எப்படித் தூங்குச்சு?"

"அருமையாத் தூங்குச்சு. மூணு மணிக்கு பிரஷர் மீட்டர் முள்ளு அசையவே இல்ல அக்கா. இவ்ளோ பெரிய ஊர்ல ஒருத்தர்கூட ஒரு டம்ளர் தண்ணி குடிக்கல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. மீட்டர் செத்துப்போச்சோன்னு கண்ணாடியைத் தட்டிப் பாத்தேன்."

"அப்புறம்?"

"நாலே காலுக்கு லேசா எறங்குச்சு. எங்கயோ யாரோ ஒரு புண்ணியவதி எந்திரிச்சுட்டா. அப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

அவளுக்கு அந்த முள்ளைப் பற்றிக் கேட்கப் பிடிக்கும். பார்த்ததில்லை. ஆனாலும் பட்டறையில் மெழுகில் பல் செதுக்கிக்கொண்டிருக்கும்போது சில சமயம் அது கண்முன் வந்து நிற்கும். வட்டக் கண்ணாடி, அதற்குள் ஒரு கறுப்பு முள், கீழே பூமிக்குள் இருட்டில் தெருத்தெருவாக நிற்கும் தண்ணீர். ஊர் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அந்த ஒருவன் காலையில் சூடாக ஒரு வாய் சாப்பிட்டானா என்று பார்க்கத்தான் அவள் ஞாயிறுதோறும் வருகிறாள். இல்லாவிட்டால் அவளுக்கும் வாரத்தில் ஒரு நாள் பத்து மணிவரை தூங்க ஆசை இல்லாமலா போய்விட்டது?

"வாயைக் காட்டு" என்றாள்.

"சாப்பிட வந்தா சாப்பாட்டைக் காட்டுவாங்க. நீ என்னடான்னா என் வாயைக் காட்டச் சொல்ற."

"தூக்கத்துல பல்லைக் கடிக்கிற. தேஞ்சுட்டு வருது. காட்டு."

காட்டினான். மேல்வரிசையில் முன்பல் ஒன்று மற்றவற்றைவிட வெளுப்பாக இருந்தது. அது அவள் செய்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சைக்கிளிலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டு வந்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. சாயங்காலம் பட்டறை அடைத்த பிறகு அவனை உட்காரவைத்து, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக அவன் உதட்டருகே பிடித்து நிறம் பார்த்தாள். குழல்விளக்கு வெளிச்சத்தில் பொருந்தியது. மறுநாள் பகலில் பார்த்தால் ஒரு படி வெளுப்பு. பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருவது. அவசரத்தில் மறந்துவிட்டாள். அப்புறம் எத்தனையோ முறை மாற்றித்தருகிறேன் என்று கூப்பிட்டும் அவன் வரவில்லை. "இருட்டுல வேலை பாக்கறவனுக்கு ஒரு பல்லாவது வெளிச்சமா இருந்துட்டுப் போகட்டும்" என்றுவிட்டான்.

காப்பி பாதி தீர்ந்திருந்தது. தட்டுகள் வர இன்னும் நேரமாகும். ஞாயிற்றுக்கிழமை முட்டைக்கும் ரொட்டிக்கும் ஒன்றரை மணி நேரம் ஆவது புதிதில்லை. அவள் மேஜைத்துணியின் நூல் ஒன்றைச் சுருட்டினாள், விட்டாள், மறுபடியும் சுருட்டினாள்.

"தம்பி."

"ம்."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன்."

அவன் சொன்ன விதம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவன் இமைகள் அப்போதே பாதி இறங்கியிருந்தன. ஆறு வாரமாக இதேதான். அவள் ஆரம்பிப்பாள், அவன் "சொல்லேன்" என்பான், அந்தச் 'சொல்லேன்' முடிவதற்குள் தலை சாயும். தூங்குகிறவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, உன்னை விட்டுப் போகப்போகிறேன் என்று யாரால் சொல்ல முடியும்?

"ஒண்ணுமில்ல. இருமல் எப்படி இருக்குன்னு கேக்க வந்தேன்" என்றாள்.

அவன் தலை ஏற்கெனவே சாய்ந்திருந்தது. சித்தி தோள்துண்டோடு வந்தாள். மிச்சக் காப்பியைத் தன் கையிலிருந்த பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, கோப்பையைத் தட்டின்மேல் கவிழ்த்தாள். பீங்கான் பீங்கானைத் தொடும் ஒரு மெல்லிய ஓசை. அக்காவைப் பார்த்து, "இன்னைக்கும் போச்சா?" என்று கண்ணால் கேட்டாள். அக்கா கண்ணாலேயே ஆமாம் என்றாள்.

அதன் பிறகு நேரம் எப்படிப் போனதென்று சொல்ல முடியாது. ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெளிச்சம் பால்போல உள்ளே இறங்கி, மேஜைகளுக்கு நடுவே அசையாமல் நின்றது. பேச்சுக்குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல வார்த்தைகள் கரைந்து வந்தன. மூலையில் ஒரு நர்சு சுவரில் தலை சாய்த்திருந்தாள். அவள் முன்னாலும் ஒரு கோப்பை கவிழ்ந்திருந்தது. கதவருகே ஒரு காவல்காரர், மடியில் தொப்பி, கவிழ்ந்த கோப்பை. சின்னச் சின்ன வெள்ளைக் கூடாரங்கள் என்று நினைத்தாள். உள்ளே இவர்கள் படுத்திருக்கிறார்கள். அந்தக் கூடாரங்களுக்கு நடுவே தானும் கண் செருகிக் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினாள்.

லிஃப்டில் மாட்டிக்கொண்ட நாளும் இப்படித்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், பட்டறைக் கட்டடத்தில், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே. வழக்கமாக அவள் படியேறுகிறவள், லிஃப்ட் என்றால் பயம். அன்றைக்குப் பார்த்துக் கையில் பிளாஸ்டர் அச்சுகள் நிறைந்த பெட்டி. விளக்கும் அணைந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, பழுது பார்க்க வந்தவரின் குரல், "நான் இங்கயே இருக்கேன்" என்றது. பயப்படாதீங்க, இதோ ஆச்சு, ரெண்டே நிமிஷம் என்றெல்லாம் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைதான். அப்புறம் அவ்வப்போது, இரும்புக் கதவில் விரல் மடக்கி இரண்டு தட்டு. நாற்பது நிமிஷம். கதவு திறந்தபோது எதிரே நின்றவரின் பற்களைத்தான் முதலில் பார்த்தாள். கீழ்வரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு பல். நேர்த்தியில்லாத, உண்மையான பல்.

அவருக்கு வேறு ஊரில் வேலை போட்டிருக்கிறார்கள். ரயிலில் ஓர் இரவு தூரம். செவ்வாய்க்கிழமை போக வேண்டும். என்னைக் கட்டிக்கொண்டு கூட வருகிறீர்களா என்று கேட்டார். தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். ஆறு வாரம் கழித்து அவரே, "ஞாயித்துக்கிழமை நான் வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன். சொல்லிட்டா சரி. சொல்ல முடியலைன்னா ஒரு காப்பி குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிடறேன். நீங்க சங்கடப்பட வேணாம்" என்றார். எழுந்து போவது என்றால் தனியாக ரயிலேறிப் போவது என்று அவளுக்குத் தெரியும்.

கதவு திறந்தது. ஒரு சாம்பல் நிறம் உள்ளே வந்து லிஃப்ட்காரராக ஆனது. அவர் நேரே வந்து அவள் பக்கத்து நாற்காலியில், தம்பிக்கு எதிரே, உட்கார்ந்தார். கவிழ்ந்த கோப்பையையும் தூங்கும் முகத்தையும் பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா?" உதடு மட்டும் அசைந்தது.

அவள் தலையசைத்தாள். இல்லை.

"எழுப்பலாமா?"

"ஐயோ, சித்தி கொன்னுடுவாங்க."

அவர் சரி என்பதுபோலக் கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டார். அப்புறம் எதுவும் கேட்கவில்லை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் தூக்கத்தில், இருவர் அதைக் காவல் காத்துக்கொண்டு. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் எதையும் சொல்லாமல், செவ்வாய்க்கிழமை வராமல்.

மணி அடித்தது. "ஜன்னலோரம், ரெண்டு முட்டை, உருளைக்கிழங்கு!" என்றது சித்தியின் குரல். அக்கா எழுந்தாள்.

தட்டு வாங்கும் மேடை தம்பியின் நாற்காலிக்கு நேர் பின்னால், இரண்டு எட்டில் இருந்தது. இரண்டு கைகளிலும் தட்டுகளை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவன் குரல் கேட்டது. விழித்திருந்தான். தூக்கம் கலைந்த பத்து நிமிஷம் அவன் எப்போதும் அப்படித்தான், பாதிக் கனவில் நின்று வாய் ஓயாமல் பேசுவான்.

"ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களா? மன்னிச்சுக்குங்க. கொறட்டை கிறட்டை விட்டேனா?"

"இல்ல. பல்லைக் கடிச்சீங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"நல்லவேளை எங்க அக்கா பாக்கல. ஊர்ல இருக்கற பல்லெல்லாம் அவளுக்குத்தான் சொந்தம்." கோப்பையை நிமிர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தான். "எங்க போனா? கோட்டு இருக்கு. வந்துடுவா."

காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்த யாரோ ஒருவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவள் ஓர் எட்டு வைத்தாள். லிஃப்ட்காரர் தம்பியின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தார். அவள் நின்றுவிட்டாள்.

"உங்களுக்கு அக்கா இருக்காங்களா?" என்றான் தம்பி.

"இல்ல."

"அப்ப உங்களுக்குப் புரியாது. பரவால்ல, கேளுங்க. தெரியாதவங்ககிட்டதான் சொல்ல முடியும். பதினோரு வருஷமா இங்க வர்றேன். உண்மையச் சொல்லட்டுமா? ராத்திரி பூரா முழிச்சுட்டு வர்றவனுக்கு வேண்டியது படுக்கை. முட்டையா வேணும்? ஆனா அவளுக்கு எதிர்ல வாரத்துல ஒரு நாளாவது ஒரு ஆள் இருக்கணுமே. இல்லாட்டி அவ செவுத்தைப் பாத்துக்கிட்டு ரொட்டி தின்னுட்டுப் போயிடுவா. அதுக்காக வர்றேன். தூங்கினாலும் ஆள் ஆள்தானே?"

அக்காவின் கையில் தட்டு சூடாக இருந்தது. மாற்றிப் பிடிக்கக்கூடத் தோன்றவில்லை. பதினோரு வருஷம். அவனுக்காக இவளும் இவளுக்காக அவனும், தூக்கத்தை விட்டுவிட்டு வந்து, எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இப்ப அவளுக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்கு" என்றான் தம்பி.

"சொன்னாங்களா?"

"அவ எங்க சொன்னா? லிஃப்ட்னாலே நடுங்கறவ. மூணு மாசமா எதை எடுத்தாலும் லிஃப்ட். கயிறு அறுந்தாலும் விழாதாமே, பிரேக் தானா பிடிச்சுக்குமாமே. பால் வாங்கி வைன்னு எழுதற சீட்டுல ஓரமா லிஃப்ட் படம் போட்டிருக்கா. பல்லு செய்யறவளுக்கு பிரேக் எதுக்குங்க?"

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வாரமா சொல்ல வர்றா. நான்தான் கண்ணை மூடிக்கறேன்." தம்பியின் குரல் இறங்கியது. "மொத வாரம் நிஜமாவே தூங்கிட்டேன். அப்புறம் பாதி நடிப்பு. போன்னு சொன்னா துரத்தற மாதிரி இருக்கும். போகாதேன்னு வாயில வந்துடுமோன்னு வேற பயம். ரெண்டுக்கும் தூங்கறது தேவலை. பகல் ஷிப்ட்டு கேட்டு வாங்கி வெச்சிருக்கேன், அடுத்த மாசத்துலேர்ந்து. மனுஷன் மாதிரி ராத்திரி தூங்கலாம், சமைச்சுச் சாப்பிடலாம், அவளும் திரும்பிப் பாக்காமப் போகலாம். அதையும் சொல்லல. சொன்னா எனக்காகவான்னு அழுவா."

காலிக் கோப்பையைத் தட்டின்மேல் ஒரு சுற்றுச் சுற்றிவைத்தான்.

"ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்" என்றான். "அவ சில நாள் பேசவே மாட்டா. கோவம் இல்ல, சும்மா. அப்ப பக்கத்துல இருக்கறவன் என்ன யோசனை, என்ன யோசனைன்னு நச்சரிச்சா செத்துப்போயிடுவா. அந்த ஆளு எப்படியோ. இதை யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

லிஃப்ட்காரர், தன்னையறியாமல்தான் செய்திருக்க வேண்டும், விரலை மடக்கி மேஜையில் மெதுவாக இரண்டு முறை தட்டினார்.

"நச்சரிக்க மாட்டாரு" என்றார்.

தம்பி அந்தக் கையைப் பார்த்தான். நகக்கண்களில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ். கையிலிருந்து சட்டைக்கும் சட்டையிலிருந்து முகத்துக்கும் அவன் பார்வை ஏறுவதைப் பின்னாலிருந்தே அவளால் உணர முடிந்தது.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"லிஃப்ட்."

எங்கோ ஒரு கரண்டி விழுந்தது. தம்பி கையை நீட்டித் தன் கோப்பையை எடுத்தான். தட்டின்மேல் கவிழ்த்தான். நாற்காலியில் சாய்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டான்.

அக்கா வந்து தட்டுகளை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த வழியாக வந்த சித்தி, "என்ன, மறுபடியுமா?" என்றாள்.

"சித்தி, அவனே கவுத்துக்கிட்டான்."

"யார் கவுத்தா என்ன? கவுந்தா கவுந்ததுதான்."

"தூங்கறவங்ககிட்ட பேசலாமா?"

சித்தி மூவரையும் ஒருமுறை பார்த்தாள். தோள்துண்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். இந்தக் கேள்வி அவள் சட்டத்தில் இதற்குமுன் வந்ததில்லை போலிருந்தது.

"பேசலாம்" என்றாள் கடைசியில். "பதில்தான் கேக்கக் கூடாது."

அவள் போன பிறகு, அக்கா தம்பியின் பக்கம் குனிந்தாள். பதில் கேட்க வேண்டியதில்லை என்பதே எவ்வளவு பெரிய உதவி.

"தம்பி, இவருதான். செவ்வாய்க்கிழமை இவரு முன்னால போறாரு. ஊர் தூரம், ரயில்ல ஒரு ராத்திரி ஆகும். நான் மாசக் கடைசியில போறேன். உங்கிட்டக் கேட்டுட்டுப் போகலாம்னு இருந்தேன். இப்பக் கேக்கல, சொல்றேன். நான் போறேன்."

சொன்னபோது வார்த்தை சின்னதாகத்தான் இருந்தது. ஆறு வாரமாகத் தொண்டையில் இருந்தது இதுவா என்று ஆச்சரியமாக இருந்தது. பக்கத்தில் லிஃப்ட்காரர் மூச்சை விடுவது கேட்டது.

"இன்னொண்ணு. பதினோரு வருஷமா எனக்கும் ஞாயித்துக்கிழமை தூக்கம்தான்டா வேணும். நீ சூடா ஒரு வாய் சாப்பிடணுமேன்னு எந்திரிச்சு வந்தேன். முட்டாள் பய."

கண்ணாடியில் ஆவி வடியத் தொடங்கியிருந்தது. ஒரு துளி மேலிருந்து இறங்கி வழி போட, அந்த வழியாக வெயில் ஒரு கோடாக உள்ளே வந்து தம்பியின் மோவாயில் விழுந்தது. இமைகள் மூடியேதான் இருந்தன. ஓரத்தில் ஈரம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு ஒருபக்கமாக, அவன் எவ்வளவு அடக்கியும் அடங்காமல், இழுத்துக்கொண்டது. நடுவே அந்தப் பல் தெரிந்தது, நடுப்பகல் வெளிச்சத்தில், மற்றவற்றைவிட ஒரு படி வெளுப்பாக.

"முட்டை ஆறுது" என்றான் கண்ணைத் திறக்காமல். "அவரைச் சாப்பிடச் சொல்லு."

"தூக்கத்துல பேசறாரு" என்றார் லிஃப்ட்காரர். முள்கரண்டியை எடுத்துக்கொண்டார்.